தானாக இறங்கிய பக்கெட்

என் அத்தானுக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசும். கல் உடைக்கும் யார்டில் லோடர் டிராக்டர் ஓட்டினார். லாரி கிளீனரின் பல்லை உடைத்தார், காவல்காரரின் மண்டையைப் பிளந்தார். வெளியே ஆள் அகப்படாத நாளில் அடிவாங்க வீட்டில் என் அக்கா இருந்தாள். அவளும் அதே யார்டில்தான் ஜல்லி சலித்தாள். வீங்கிய கண்ணோடு வந்து, கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள். இருப்பதே ஒரு கதவு, அது எத்தனை முறைதான் இடிக்கும்? என்னோடு வந்துவிடு என்று நான் கூப்பிடாத மாதமில்லை. "நானும் போயிட்டா அந்த ஆளுக்கு யாருடா இருக்கா?" என்பாள்.

நான் அங்கேயே மெக்கானிக். அத்தானின் லோடரில், முன்னால் ஜல்லி அள்ளும் இரும்புப் பக்கெட்டைத் தூக்கி நிறுத்தினால் நிற்காது. அதைத் தூக்கிப் பிடிக்கும் சிலிண்டருக்குள் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக மறுபக்கம் நழுவ, பக்கெட் தானாக இறங்கும். ஓட்டும்போது அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இறங்க இறங்க லீவரைத் தட்டி ஏற்றிக்கொள்வார். இன்ஜினை நிறுத்தினால்தான் ஆபத்து. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு சாண் இறங்கியதை அவருக்கே காட்டினேன். சீல் மாற்றும்வரை பக்கெட்டைத் தரையில் இறக்கி வையுங்கள் என்றேன். என் வண்டிக்கு நீ என்னடா சொல்வது என்று ஸ்பேனரால் என் தோளில் போட்டார். நான் மட்டும் சும்மா இருப்பேனா, மூக்கில் ஒன்று கொடுத்தேன். எங்களைப் பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

யார்டில் மருந்துக்கும் மரம் கிடையாது. சாப்பிட்டதும் அத்தான் பக்கெட்டை உயரத்திலேயே விட்டு, வண்டியை யாரும் தொடக்கூடாதென்று சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கெட்டின் நிழலில் மல்லாந்துவிடுவார். சண்டை போட்ட மறுநாளும் வீம்புக்கென்றே அங்கே போய்ப் படுத்தார்.

அலறல் கேட்டு ஓடினோம். இரும்பு விளிம்பு அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. இன்ஜினைப் போட்டுத் தூக்கலாமென்றால் சாவி பக்கெட்டுக்கடியில், அவர் பையில். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டது. வாயோரம் ரத்தம் வழிந்தது. நான் ஜாக்கியை இழுத்து வந்து விளிம்புக்கடியில் திணித்தேன். அக்கா ஓடிவந்து ஜாக்கிக் கம்பியை என் கையிலிருந்து பிடுங்கினாள். ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு வசவு. படுபாவி, கட்டையில போறவனே என்று கல்யாணமான நாளிலிருந்து விழுங்கியதையெல்லாம் கொட்டிக்கொண்டே அழுத்தினாள். உள்ளங்கை தோல் உரிந்து ரத்தத்தில் கம்பி வழுக்கியது. தலைத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி அழுத்தினாள். கொஞ்சம் இடைவெளி விழுந்ததும் அவர் அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தேன்.

அத்தானுக்கு மூச்சு திரும்பியது. திரும்பியதும் முதலில் செய்த காரியத்தைக் கேளுங்கள். தண்ணீர் கொடுக்கக் குனிந்த அக்காவின் முடியை எட்டிப் பிடித்தார்.

"நாலு பேர் முன்னாடி என்னையா திட்டுற?"

அக்கா அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். பிறகு ஓங்கி ஓர் அறை விட்டாள். அவரை ஏற்றிப்போக லாரி வந்ததும், டிரைவர் அக்காவுக்கென்று முன்கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறவில்லை. லாரி போனபிறகு கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"வாடா, வீட்டுக்குப் போலாம்."

"எந்த வீட்டுக்கு?"

"உன் வீட்டுக்குத்தான்."