நாற்காலிக்குக் கிடைத்த நிழல்

ஹிஸ்கே பிறந்ததே படகில்தான். அவள் அப்பா உருளைக்கிழங்கும் சரளைக்கல்லும் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாகப் போய்க்கொண்டிருந்த சரக்குப் படகுக்காரர். பள்ளிக்கூட வயது வந்ததும் படகுக்காரர் பிள்ளைகளுக்கான விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். கட்டில் ஆடாததால் அங்கே பல நாள் தூக்கமே வரவில்லை என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவள் கணவன் மைன்டர்ட்டுக்குத் தண்ணீர்ப் பழக்கம் கிடையாது. லேவார்டன் நகரத்தில் சமையலறை அலமாரிக் கடை வைத்திருந்தவன். கல்லையும் பேசவைத்து விற்றுவிடுகிற வாய். கடையை மூடிவிட்டு அவர்கள் வாங்கிய இரும்புப் படகு க்ரௌ படகுத்துறையில் எங்கள் படகுக்கு அடுத்தாற்போல் நின்றது. ஓட்டும் அறை மேலே, சுற்றிலும் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்காகவே ஹிஸ்கே அந்தப் படகைத் தேர்ந்தெடுத்தாள். உள்ளே உட்கார்ந்தால் ஏரி மொத்தமும் மடியில் கிடப்பது போல இருக்கும்.

ஆரம்பத்தில் சுக்கான் அவள் கையில்தான் இருந்தது. பக்கக் காற்று அடிக்கிற நாளில் மற்றவர்கள் கரையில் இடித்துக்கொண்டு கத்துவார்கள். அவள் படகைப் பசுமாட்டைத் தொழுவத்துக்குள் விடுவது போல மெதுவாக உள்ளே விடுவாள். மைன்டர்ட் முன்னால் நின்று கயிற்றை வீசுவான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவன் சுக்கானை வாங்கிக்கொண்டான். தொப்பி ஒன்று வாங்கினான். படகுக்காரர்கள் கிளப்பில் எல்லோரும் அவனைக் கேப்டன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் நோய் வந்தது. ஒரு கோடையில் அவள் கன்னமும் மூக்கும் சிவந்து தடித்தன. விரல் மூட்டுகள் வீங்கி, காபிக் கோப்பையைத் தூக்கவே இரண்டு கையும் வேண்டியதாயிற்று. லூபஸ் என்றார்கள். வெயில் பட்டால் கிளம்பி வரும், ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயிலும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதில்லை, நிழல் இருந்தால் போதும் என்றும் அவரே சொன்னார்.

ஹிஸ்கே அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் உள்பக்கம் துணித் திரை கட்டிப் பார்த்தாள். கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு திரைக்குப் பின்னால் நின்று அறையை அடுப்பாக்கியது. ஏரியும் தெரியவில்லை. ரப்பர் உறிஞ்சியால் ஒட்டுகிற திரையை வாங்கினாள். நல்ல வெயிலில்தான் அது கழன்று விழும். அதன் பிறகு பக்கத்து ஊரான ஸ்நேக்கில் படகுக் கூடாரம் தைக்கிற ஒன்னோவிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

ஒன்னோ அவசரப்படாத ஆள். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும் என்றார். மேஜைமேல் துணித் துண்டுகளைப் பரப்பினார். வெள்ளைத் துணி ஒன்று, வெளிச்சத்தை அறவே விடாது. பழுப்பு நிற வலைத் துணி ஒன்று. அடர் சாம்பல் நிறத்தில் இன்னொரு வலைத் துணி, அதைவிட நெருக்கமாக நெய்தது. படகு கரையில் நிற்கும்போது மட்டும் போட என்றால் வெள்ளையே நல்லது, உள்ளே உட்கார்ந்து வெளியே பார்க்க வேண்டுமென்றால் வலைத் துணிதான் என்றார்.

மூன்றையும் அவள் படகுக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாகக் கண்ணாடியின் வெளியே கிளிப் போட்டுவிட்டு, கையுறையும் அகலத் தொப்பியுமாக உள்ளே உட்கார்ந்து பார்த்தாள். காலையில் பார்த்தாள், உச்சி வெயிலில் பார்த்தாள், நீரில் பட்டுத் திரும்புகிற சாயங்கால வெயிலிலும் பார்த்தாள். பழுப்பு வலையில் கண் கூசியது. சாம்பல் வலைக்குள்ளிருந்து பார்த்தால் லேசான புகைக்கு அந்தப் பக்கம் இருப்பது போல எல்லாம் தெரிந்தது. நாணல், பாய்மரங்கள், தேவாலயக் கோபுரம். என்னையும் உள்ளே இழுத்து உட்காரவைத்தாள்.

"அந்த நாரை தெரியுதா உனக்கு? கால் கூடத் தெரியுது பாரு," என்றாள்.

பல மாதத்துக்குப் பிறகு அவள் முகம் அன்றுதான் மலர்ந்திருந்தது. முன் கண்ணாடிக்கு ஒன்றும் வேண்டாம், ஓட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டும். பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் மூடினால் பின்னால் இருக்கிற பெஞ்சில் தனக்குப் போதிய நிழல் விழும் என்று அவளே கணக்குப் போட்டாள். ஒன்னோ வந்து காகிதம் வைத்து ஜன்னல்களின் அச்சை வெட்டிக்கொண்டு போனார். ஒரே ஒரு வேலை பாக்கி. ஜன்னல் சட்டத்தில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, திரையை மாட்டுகிற அழுத்து பட்டன்களைத் திருக வேண்டும்.

மைன்டர்ட் அதற்குச் சம்மதிக்கவில்லை.

"என் படகுல ஓட்டை போட விட மாட்டேன்," என்றான். "தண்ணி இறங்கும், துரு பிடிக்கும். பாக்கவும் சகிக்காது, கோழிக் கூண்டு மாதிரி."

அலுமினியச் சட்டம் துருப்பிடிக்காது, பட்டனைச் சுற்றிப் பசை வைத்தால் தண்ணீர் இறங்காது என்று அவள் சொன்னாள்.

"கீழ அறை இருக்குல்ல? அங்க நிழல்தானே. அங்க உக்காரேன், யாரு வேணாங்கிறா?"

ஒரு கோடை முழுக்க அவள் கீழே உட்கார்ந்தாள். அங்கே ஜன்னல் தட்டு அளவுதான். அதில் தெரிவது கரைச் சேறும் நாணலின் அடித்தண்டும். மேலே அவனும் அவன் நண்பர்களும் பேசிச் சிரிக்கிற சத்தம் வரும். பாலம் வந்தால், மதகு வந்தால், மேலேயிருந்து குரல் கொடுப்பார்கள். அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து கயிற்றைப் பிடிப்பாள், கட்டிவிட்டுத் திரும்பக் கீழே போவாள். அடுத்த கோடையில் வருவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு இப்போது படகில் நாட்டமில்லை என்று மைன்டர்ட் கிளப்பில் சொன்னான். எல்லோரும் வருத்தப்பட்டார்கள், அவனுக்காக.

அந்த வருஷம் அவன் ஓட்டும் இடத்தில் புது நாற்காலி போட்டான். வெள்ளைத் தோல், கை வைக்க இரண்டு பக்கமும் மெத்தை. அதற்கு முன்னால் வழி காட்டுகிற பெரிய மின்னணுத் திரை. ஜூலையில் கடுமையான வெயில். நாற்காலித் தோல் மஞ்சளாகி, தையல் ஓரம் வெடித்தது. வழி காட்டும் திரை சூடேறி நடு ஏரியில் கறுத்துப்போனது. விற்றவன் வந்து பார்த்துவிட்டு, ஜன்னலை மூடிவைக்காவிட்டால் இது தாங்காது என்றான்.

அதே வாரம் மைன்டர்ட் ஒன்னோவைக் கூப்பிட்டான். ஹிஸ்கேயின் காகித அச்சு இன்னும் பத்திரமாக இருக்கிறது, சாம்பல் வலையிலேயே தைத்துவிடட்டுமா என்று ஒன்னோ கேட்டாராம். வலை வேண்டாம், துளி வெயில் விழக்கூடாது, வெள்ளையில் தை, முன் கண்ணாடிக்கும் சேர்த்து என்றானாம் இவன். துளைக் கருவி சட்டத்தில் இறங்குகிற சத்தம் காலை முழுக்க எங்கள் படகில் கேட்டது. மைன்டர்ட் பக்கத்தில் நின்று, ஓட்டையெல்லாம் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனே ஹிஸ்கேயைப் போன் போட்டு வரச் சொன்னான். வெயில் இறங்கிய பிறகு சைக்கிளில் வந்தாள். நான் எங்கள் படகின் பின்தளத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அவள் கரையில் நின்றபடி வெள்ளைத் திரையைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றி, ஒரு பட்டனைக் கட்டைவிரலால் தடவினாள்.

"ஓட்டை போட்டியா?"

"போட வேண்டியதாப் போச்சு. நாற்காலி பாழாகுதுல்ல."

அவள் அடுத்த பட்டனைத் தடவினாள். அவன் தொடர்ந்தான். "இப்ப உனக்கும் நிழல் ஆச்சு. நீ வரலாம்ல?"

"ஓட்டும்போது கழட்டிடுவ."

"பின்ன, கண்ணை மூடிக்கிட்டா ஓட்டுவாங்க?"

"அதான். நிக்கிறப்போ நாற்காலிக்கு நிழல். ஓடுறப்போ எனக்கு வெயில்."

அவன் சிரித்தான், அதை வேடிக்கைப் பேச்சாக்கிவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ. "சரி, ஓட்டைதான் ஏற்கெனவே போட்டாச்சே. அதே பட்டன்ல உன் வலையையும் மாட்டிக்கலாம். ஒன்னோகிட்ட சொல்றேன்."

"நான் மூஞ்சி வெந்து நின்னப்போ இந்தச் சட்டம் உனக்குப் பெருசாத் தெரிஞ்சது, மைன்டர்ட். தோல் வெடிச்சதும் சட்டம் பெருசாத் தெரியல. அது நாற்காலித் தோல்." குரலை உயர்த்தவேயில்லை. "எனக்கு வேணாம். மாட்டாத."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அவன் என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பது போலக் கையை விரித்தான். நான் குனிந்து கிழங்கை உரித்தேன்.

வேண்டாம் என்று அவள் சொல்லியும் அவன் தைக்க வைத்தான். சாம்பல் வலை, அவள் தேர்ந்தெடுத்ததேதான். பின் பெஞ்சின் அடியில் பையோடு கிடக்கிறது. விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவான். அவளுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்தேன், கால் வைக்க மாட்டேன் என்கிறாள், என்பான். ஹிஸ்கேக்குப் பிடிவாதம் ஜாஸ்தி, பாவம் அந்த மனுஷன் என்று கிளப்பில் இப்போதும் சொல்கிறார்கள். என் கணவரும் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் பிரியவில்லை. ஒரே வீடு, ஒரே மேஜை. அவன் படகுக்குக் கிளம்பும்போது ரொட்டியும் சீஸும் கட்டிக் கொடுக்கிறாள். ஒருமுறை நான் கேட்டேன், வலை இருக்கிறதே, ஏரிக்காகவாவது போகலாமே என்று. எனக்குக் காபி ஊற்றிக்கொண்டே, "நாற்காலியோட மிச்சத்துல உக்காரணுமா?" என்றாள். பிறகு பேச்சை மாற்றி, மழை வருமா என்று கேட்டாள்.

போன ஆகஸ்டில் சந்தைக்குப் போகிற வழியில் தூக்குப் பாலத்தில் மணி அடித்து, தடுப்பு இறங்கியது. காத்திருந்த சைக்கிள் கூட்டத்தில் ஹிஸ்கேயும் நின்றாள், கையுறையும் தொப்பியும் நீளக் கை சட்டையுமாக. திறந்த பாலத்துக்கு நடுவே மைன்டர்டின் படகு வந்தது. பின் பெஞ்சில் யாரோ இரண்டு பேர் கையில் பீர். பாலக்காரனுக்கு அவன் தொப்பியைத் தூக்கிக் காட்டினான். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஹிஸ்கே படகைப் பார்க்காமல் பின்னால் கிளம்பிய அலையைப் பார்த்தாள். "ரொம்ப வேகமாப் போறான். கரைய அரிச்சிடும்," என்றாள் என்னிடம். பாலம் இறங்கியது. தடுப்பு ஏறியதும் சைக்கிளில் ஏறி, மரநிழல் விழுகிற ஓரமாக மிதித்துக்கொண்டு போனாள்.