ஜோதியம்மாள் உட்கார்ந்த பெஞ்சு

ஜோதியம்மாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவள் கேட்டது ஒரு பெஞ்சு. அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்கு.

திருவண்ணாமலையில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் ஆயா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ரத்தத் துணி அலசி, தரை கழுவி, பிள்ளை பெற்றவர்களைக் கைத்தாங்கலாக நடக்க வைத்து, நாலு மணிக்கு வெளியே வருவாள். திரும்பிப் போக பஸ் ஐந்தரைக்கு. வீட்டில் அடுப்பு, மாடு, மாமியார். ஒரு நாளில் அவளை யாரும் ஏவாத நேரம் அந்த ஒன்றரை மணிதான். அதை அவள் ராஜமாணிக்கம் பூங்காவில் கழித்தாள்.

பெரிய பூங்கா இல்லை. நாலு புங்கமரம், குரோட்டன்ஸ் வேலி, தண்ணீர் வராத ஒரு நீரூற்று. ஆனால் அமைதியான இடம், மலை முழுசாகத் தெரியும். ஜோதியம்மாள் புங்கமரத்தடி பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கின காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர்டானவன். எதிர் பெஞ்சில் பேப்பரும் கையுமாக இருப்பேன்.

அவள் சும்மா உட்கார்ந்ததுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் எத்தனை நேரம் வேண்டுமானாலும் வெளியே உட்காரலாம், கையில் வேலை இருக்க வேண்டும். முறத்தில் அரிசியோ, மடியில் பிள்ளையோ, தொடுக்க மல்லியோ ஏதாவது ஒன்று. வெறுங்கையோடு உட்கார்ந்தால் எவனுக்கோ காத்திருக்கிறாள் என்று அர்த்தம். எந்தப் புண்ணியவான் எழுதி வைத்த சட்டமோ!

எண்பத்து நாலாம் வருஷம் சித்திரையில் பூங்காக் கமிட்டி செயலாளர் அப்பாதுரை ஒரு போர்டு மாட்டினார். 'தனியாக வரும் பெண்களுக்கு அனுமதி இல்லை. குடும்பத்துடன் வரவும்.' அன்று சாயங்காலம் வாட்ச்மேன் வேணு கேட்டிலேயே அவளை மறித்தான்.

"யக்கா, என்னைத் திட்டாதே. ஆர்டர் போட்டுட்டாங்க."

"நான் இன்னா பண்ணேன் வேணு?"

"ஒண்ணும் பண்ணலதான். சும்மா குந்திகினு இருக்கியே, அதான். ரெண்டு முழம் பூவாவது எடுத்தாந்து கட்டிகினு இரேன். சொல்லிப் பாக்குறேன்."

"காலைலேர்ந்து கை வேலைதான் செஞ்சிகினு இருக்குது. இங்கயுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் அவள் குடும்பத்துடன் வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த சாராயக்கடையில் விழுந்து கிடந்த தன் புருஷன் ஆதிமூலத்தை, பிரசவக்காரியைத் தாங்குகிற மாதிரியே தாங்கிக் கூட்டி வந்தாள். வேணு மறுபேச்சுப் பேசாமல் கேட்டைத் திறந்தான். ஆதிமூலம் குரோட்டன்ஸ் மேலேயே ஒன்றுக்குப் போனார். பிறகு அந்த பெஞ்சில் நீட்டிப் படுத்து, வாய் ஓரமாக வாந்தி வழியக் குறட்டை விட்டார். பெஞ்சில் இடமில்லை. ஜோதியம்மாள் தரையில் உட்கார்ந்தாள்.

ரவுண்டு வந்த அப்பாதுரை மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் திருப்தியாகத் தலையாட்டினார். "இப்ப சரி. புருஷனோட வந்தா யார் கேக்கப் போறாங்க?"

அவ்வளவுதான், ஜோதியம்மாள் எழுந்துவிட்டாள்.

"இது சரிங்களா? நான் காலை நீட்டினா அசிங்கம், இந்தாளு வாந்தியெடுத்துட்டுப் படுத்தா குடும்பமா? எதிர் பெஞ்சுல அந்த ஐயா டெய்லி தனியாத்தானே வராரு? யாருக்குக் காத்துகினு இருக்கீங்கன்னு அவரை ஒரு நாளாவது கேட்டிருப்பீங்களா?"

அப்பாதுரை என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"வாய் ஜாஸ்தியா இருக்குதே உனக்கு," என்றார் அப்பாதுரை. வேணுவைக் கூப்பிட்டார். "இனிமே இந்தம்மா யாரோட வந்தாலும் உள்ள உடாதே."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "இவரை எழுப்பாதீங்க. உங்க போர்டுல இவருக்குத் தடை இல்லியே," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அதன் பிறகு ஐந்தரை பஸ் வரும்வரை அவள் பஸ் ஸ்டாண்டில் தூணோரம் நின்றுகொண்டிருப்பாள். அங்கே இருந்த ஒரே பெஞ்சில் எப்போதும் ஆண்கள். நான் கண்ணால் பார்த்தே நாலு வருஷம் அப்படி நின்றாள்.

நானா? மறுநாளும் பூங்காவுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். வேணு வணக்கம் சொல்லி கேட்டைத் திறந்துவிட்டான்.