கிறிஸ்துமஸ் அன்று பூட்டிய கதவு

ஆல்வின் கார்பட்டுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் ராவன்கில் ஊரில் தொடங்கி, ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் நுழைந்து, ஹெதர் புதர் மண்டிய மேட்டுவெளியைக் கடந்து தோர்ப்பெக்கில் இறங்கும் பதினொரு மைல் சரளைப் பாதையை இருபத்து நான்கு வருடம் பராமரித்தவர் அவர்தான். ஒரு காலத்தில் சுரங்கத்து இரும்புக்கல்லை ஏற்றிக்கொண்டு ரயில் போன தடம் அது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகு சும்மா கிடந்ததை, எஸ்டேட்டின் பழைய முதலாளி 1995இல் சைக்கிள்காரர்களுக்குத் திறந்துவிட்டார். கார் கிடையாது, லாரி கிடையாது. காற்றும் ஆடும் மட்டும்தான்.

சரளைப் பாதைக்குத் தண்ணீர்தான் எதிரி. மழை பெய்யும்போது ஆல்வின் வீட்டில் இருந்ததில்லை. எந்த இடத்தில் தண்ணீர் பாதையை அறுக்கிறது, எந்த மதகு வாய் அடைத்துக்கொண்டது என்று அப்போதுதான் தெரியும். மண்வெட்டியோடு நனைந்துகொண்டே நடப்பார். பாதையின் நடு முதுகு மேடாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சரிய வேண்டும். இது ஒன்றுதான் ரகசியம் என்பார்.

"ஏன்யா ஆல்வின், ஊருக்கெல்லாம் ரோடு போடற, நீ ஒரு தடவையாவது சைக்கிள்ல ஏறிப் பாரேன்" என்பாள் பெரில் தாக்ரே. ஓய்வு பெற்ற தபால்காரி. மழையோ வெயிலோ, வாரத்தில் நாலு நாள் அந்தப் பாதையில்தான் இருப்பாள்.

"நீ விழறதைப் பாத்துப் பாத்தே எனக்கு ஆசை அடங்கிப்போச்சு" என்பார் அவர்.

அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பதினைந்து வயதில் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தார். கட்டிக்கொண்டது எஸ்டேட் சமையல்காரியின் மகள் மாவிஸை. குடியிருந்தது காட்டு விளிம்பில் எஸ்டேட் கொடுத்த கல் வீட்டில். வேலை இருக்கிறவரை வீடு. வேலைக்குப் பிறகும் இருந்துகொள்ளலாம் என்று பழைய முதலாளி வாயால் சொல்லியிருந்தார். எழுத்தில் எதுவும் இல்லை.

பழைய முதலாளி செத்து, எஸ்டேட் கை மாறியது. புதிதாக வாங்கியவருக்குப் பறவை வேட்டைதான் முக்கியம். துப்பாக்கிக்கு முன்னால் சைக்கிள் போனால் எப்படி? 2019 மார்ச்சில் காட்டு விளிம்பிலிருந்த இரும்புக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். அந்தக் கதவுக்கு இரு பக்கமும் மான் தாண்டாத உயரத்துக்கு வேலி. சைக்கிளைத் தூக்கிப் போடவும் முடியாது.

ஊர் கொதித்தது. தோர்ப்பெக் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு இனிமேல் நெடுஞ்சாலையில்தான் சைக்கிள் மிதிக்க வேண்டும். அந்தச் சாலையில் மரம் ஏற்றிய லாரிகள் வளைவில்கூட வேகம் குறைப்பதில்லை. பெரில் கையெழுத்து வாங்கி மனுப் போட்டாள். இருபது வருடம் தடையில்லாமல் ஜனங்கள் போய்வந்த பாதை ஜனங்களுக்கே பாத்தியப்பட்டது என்பது சட்டம். அதனால்தான் அந்தப் பக்கத்து நிலக்காரர்கள் எல்லோரும் வருடத்தில் ஒரே ஒரு நாள் பாதையை அடைப்பார்கள். அன்று அடைத்தால் கணக்கு அறுந்துவிடும். பாதை மறுபடியும் முதலாளியின் தயவாகிவிடும். பெரும்பாலும் அது கிறிஸ்துமஸ் தினம். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நாள்.

அந்தக் கதவின் சாவி ஆல்வினிடம் இருந்தது.

செப்டம்பரில் எஸ்டேட்டின் ஏஜெண்ட் பெல்லிங்கம் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். மாவிஸ் தேநீர் ஊற்றினாள். அவர் தாள்களை மேசைமேல் பரப்பினார்.

"ஆபீஸ் டைரி எல்லாம் எங்ககிட்ட இருக்கு கார்பட். ஒவ்வொரு வருஷமும் 'டிசம்பர் இருபத்தஞ்சு, கதவு பூட்டப்பட்டது, கார்பட் சொன்னார்'னு எழுதியிருக்கு. நீங்க ஒரு வாக்குமூலம் மட்டும் கையெழுத்துப் போட்டா போதும்."

"வேற எதுவும் வேணாமா?"

"அக்டோபர்ல அந்த மனு மேல விசாரணை, அதுக்கு வந்து அதையே சொல்லணும். அப்புறம், இது வேற விஷயம், ரெண்டையும் சேத்து நினைச்சுக்காதீங்க." அவர் இன்னொரு தாளை நகர்த்தினார். "இந்த வீடு, உங்க ரெண்டு பேர் ஆயுசுக்கும். எழுத்துல."

அவர் கார் கண்ணுக்கு மறைந்ததும் மாவிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது தாளை இரண்டு தடவை படித்தாள். அவளுக்கு நுரையீரல் பலவீனம். மூன்று வருடமாக மாடிப்படி ஏற முடியாமல் கட்டில் கீழே வந்துவிட்டது.

"பேனா டப்பாவுல இருக்கு" என்றாள்.

ஆல்வின் அசையவில்லை.

"என்ன யோசனை? பெரிலுக்குப் பாவம் பாக்கறியா? எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா நடந்ததைத்தானே சொல்லப் போற? வருஷா வருஷம் காலையில சாவியை எடுத்துட்டுப் போனதை நானே பாத்திருக்கேனே."

"போனேன்" என்றார் ஆல்வின். "பூட்டல."

அவள் தாளைக் கீழே வைத்தாள்.

"மொத மூணு வருஷம் பூட்டினேன். அதுக்கப்புறம் பூட்டல. அங்க போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துடுவேன். ஆபீஸ்ல பூட்டிட்டேன்னு சொல்லுவேன்."

"எதுக்கு?"

அவர் இருபத்திரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

1997 கிறிஸ்துமஸ். விடிவதற்கு முன்னால் பனி விழுந்து நின்றிருந்தது. ஏழு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு வந்தார். மூன்று மணிக்கு, இருட்டுவதற்குள் திறந்துவிடப் போனார். வெள்ளையாகக் கிடந்த பனியில் ஒரே ஒரு சைக்கிள் தடம். ராவன்கில் பக்கமிருந்து வந்து கதவுவரை போயிருந்தது. கதவுக்கு முன்னால் சின்னக் காலணித் தடங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலியோரமாக நடந்து பார்த்திருந்தன. கதவின் மேல் கம்பியில் ஓரிடத்தில் மட்டும் பனி உதிர்ந்திருந்தது, பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். பிறகு தடம் திரும்பி, வந்த வழியே போய்விட்டது.

யாரோ ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தார். வீட்டுக்கு வந்து, பழக் கேக்கின்மேல் பாலாடைக்கட்டித் துண்டை வைத்து ஒரு வாய் தின்றபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். ராவன்கில் முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துச் சைக்கிளில் தோர்ப்பெக்குக்குத் திரும்பிய லின்சி ஹார்லண்ட், இருபத்து மூன்று வயது, நெடுஞ்சாலை வளைவில் கார் சறுக்கி மோதி, அந்த இடத்திலேயே போய்விட்டாள். காலை எட்டரை மணிக்கு.

மறுநாள் மழை பெய்து பனியெல்லாம் கரைந்தது. எப்போதும் மேட்டுப் பாதையில் போகிற பெண் அன்று ஏன் சாலையில் போனாள் என்று ஊர் பேசியது. பனிக்குப் பயந்திருப்பாள் என்றார்கள். பண்டிகை அவசரம் என்றார்கள். கதவைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அது பூட்டப்படும் என்பதே யாருக்கும் தெரியாது.

மாவிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு, "என்கிட்டகூடச் சொல்லல" என்றாள்.

"சொல்ல வரல."

"இருபத்திரண்டு கிறிஸ்துமஸ். நீ வந்து உக்காந்து சாப்பிட்ட. நான் பரிமாறிட்டு இருந்திருக்கேன்." அவளுக்கு மூச்சு இரைத்தது. மருந்துக் குழாயை எடுத்து இழுத்துக்கொண்டாள். "விசாரணையில ஏன் பூட்டலன்னு கேப்பாங்களே?"

"கேப்பாங்க."

"அப்ப அதை ஊரோட சேந்து ஈடித் ஹார்லண்ட் காதுல வாங்கக் கூடாது. மொதல்ல அவ வீட்டுக்குப் போ." வீட்டுத் தாளை மடித்துத் திரும்ப உறைக்குள் வைத்தாள். நாலாக மடித்து, நகத்தால் அழுத்தி. "இது நமக்கு இல்ல."

மறுநாள் காலை ஆல்வின் பஸ் பிடித்துத் தோர்ப்பெக் போனார். லின்சியின் தாய் ஈடித்துக்கு எண்பத்து நான்கு வயது. வாசலிலேயே அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"வா ஆல்வின். கையெழுத்து வாங்க வந்தியா? பெரில் எப்பவோ வாங்கிட்டுப் போயிட்டாளே."

"இல்ல ஹார்லண்ட் அம்மா. வேற விஷயம்."

"உள்ள வந்து சொல்லு. தேநீர் போடறேன்."

"வேணாம்மா. சொல்லிட்டு, அப்புறம் நீங்க உள்ள கூப்பிட்டா வர்றேன்."

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றபடியே சொன்னார். கதவு, பனி, போய்த் திரும்பிய தடம், வேலியோரத்துக் கால்கள், அக்டோபரில் ஊர்க்கூடத்து விசாரணையில் இதைச் சொல்லப் போவது. ஒன்றையும் விடவில்லை. எவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சுருக்கமாகச் சொன்னார்.

ஈடித் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்ட முதல் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"கதவு வரைக்கும் போனாளா?"

"போனா. உலுக்கிப் பாத்திருக்கா."

"மேட்டு வழியாத்தான் வரப் பாத்தாளா?"

"ஆமாம்மா."

"ரோட்டுல வரமாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தா, ஆல்வின். அந்த நவம்பர்லதான். எம் பேச்சை மதிக்கலயேன்னு, என்னை ஏமாத்திட்டாளேன்னு..." நிலையில் சாய்ந்துகொண்டாள். "செத்துப்போன பொண்ணு மேல இத்தனை வருஷம் கோவமா இருந்திருக்கேன். அவ கல்லறைக்குப் போறப்பகூட அந்தக் கோவத்தோடதான் போவேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை. அந்த வாரமே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உன்னைத் திட்டியிருப்பேன், கதவைச் சாத்தியிருப்பேன். ஆனா அவளைத் திட்டியிருக்க மாட்டேன்." கண்ணீர் வரவில்லை, முகம் மட்டும் சாம்பலாகியிருந்தது. "பூட்டினதுக்கு உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அது உன் வேலை. மத்தது இருக்கு. அதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. இப்ப நீ போ."

அவர் படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஹால்ல அவ பேரைச் சொல்லு. 'ஒரு பொண்ணு'ன்னு சொல்லாத."

அக்டோபரில் ராவன்கில் ஊர்க்கூடத்தில் விசாரணை நடந்தது. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். எஸ்டேட் வக்கீல் டைரியிலிருந்து இருபத்து நான்கு வரிகளையும் வாசித்துவிட்டு, "இதெல்லாம் நீங்கள் சொல்லி எழுதியதுதானே?" என்று கேட்டார்.

"நான் சொன்னதுதான். மொத மூணும் நெசம். மிச்சம் இருபத்தொண்ணும் பொய்."

"அப்படியானால், உங்களை நம்பிய முதலாளியிடம் வருடந்தோறும் பொய் சொன்னீர்கள்?"

"ஆமா. நல்ல மனுஷர். அவர்கிட்டப் பொய் சொன்னேன்."

கூடத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பெரில் தாக்ரே முன்வரிசையில் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் இது புதிது. விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏன் பூட்டவில்லை என்று கேட்டார்.

ஆல்வின், லின்சி ஹார்லண்ட் என்று பேரைச் சொல்லித் தொடங்கினார். அவள் எந்த வழியில் வரப் பார்த்தாள், எதுவரை வந்தாள், எதனால் திரும்பினாள் என்று வரிசையாகச் சொன்னார். கடைசி வரிசையில் ஈடித் கோட்டைக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் பேசி முடித்ததும் யாரையும் பார்க்காமல் எழுந்து வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் ஆல்வினோடு பேசவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, மழைத் தூறலில், தோர்ப்பெக் கல்லறைத் தோட்டத்தில் வெகுநேரம் அவள் உட்கார்ந்திருந்ததைப் பெரில் பார்த்தாள்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி நவம்பரில் கடிதம் வந்தது. பாதை ஜனங்களுடையது என்ற தீர்ப்பு அடுத்த மார்ச்சில்தான் வந்தது. அதற்குள் ஆல்வினும் மாவிஸும் டவுனில் கவுன்சில் கொடுத்த தரைத்தள வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நாள் முழுக்க வண்டிகள் ஓடின.

தீர்ப்பு வந்த வருடத்து டிசம்பரில், அந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸ் காலையில், மாவிஸ் விழித்தபோது ஆல்வின் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். கோட் போடவில்லை, பூட்ஸ் போடவில்லை.

"போகலயா?" என்றாள்.

"எங்க?"

அவள் மெதுவாக எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். "சரி, அப்ப ரொட்டியாவது சுடு" என்றாள். அவர் எழுந்து சுட்டார்.