சீனாவை அடையாத படைக்கு நான் எழுதிய இரண்டு பட்டியல்கள்

மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா. பட்டிமன்றத் தலைப்பு இது: சமர்கந்திலிருந்து சீனாவின் மீது படையெடுத்துக் கிளம்பி, குளிரில் வழியிலேயே இறந்துபோன அரசன் உயிரோடு இருந்திருந்தால் வென்றிருப்பானா? வென்றிருப்பான் என்று பேச அப்பா ஒப்புக்கொண்டார். உணவகச் சமையலறையில் இருபது வருடம் நின்றவருக்கு அதுதான் முதல் மேடை.

"பிள்ளை, எனக்குப் பொயின்ற் எழுதித் தா."

கிடங்கொன்றில் எந்தச் சரக்கு எப்போது எந்த வழியால் போகும் என்று திட்டமிடுவது என் வேலை. ஒரே மாலையில் மூன்று காரணங்கள் எழுதினேன். ஒன்று, தேர்ந்த குதிரைப்படை. இரண்டு, உள்நாட்டுப் போர் முடிந்து களைத்திருந்த சீனா. மூன்று, வழியில் பயிரிட விதைத் தானியமும் கொண்டுபோன முன்யோசனை.

மறுநாள், எதிரணியில் பேசவிருந்த லெ பிளாங்-மெனில் புறநகர் அன்ரியும் தனக்கு எழுதித் தரச் சொல்லித் தொலைபேசியில் கேட்டார். மறுத்திருக்கலாம். ஆனால் பாதகங்களையும் எழுதினால்தான் எனக்கு ஒரு வேலை முடிந்ததாகத் தோன்றும். அப்பாவின் பட்டியலைத் திறந்து வைத்து ஒவ்வொன்றுக்கும் மறுப்பு எழுதி அனுப்பினேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

அப்பா முதலில் பேசினார். "இதெல்லாம் என்ர பிள்ளை எழுதித் தந்தது. அங்கை இருக்கிறா" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அந்தப் பெருமையிலேயே நேரம் போய், இரண்டாவது காரணத்தோடு மணி அடித்துவிட்டது.

அன்ரி எழுந்தார். "முதலாவது, குதிரை. பாலைவனத்திலை புல்லுக்கு எங்கை போறது?"

"அண்ணை, உங்கட குதிரை படுத்திட்டுது!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

"ரெண்டாவது, அந்தச் சண்டையிலை வெண்டவன்தானே சீனாவை ஆண்டவன்? அவன்ர படை களைக்கேல்லை, பழகியிருந்தது. மூண்டாவது, விதை கொண்டு போகலாம். பனிக்குள்ளை எங்கை விதைக்கிறது?"

அப்பா விதையைப் பற்றிப் பேசவே இல்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

தீர்ப்பு எதிரணிக்குப் போனது. மெட்ரோவுக்கு நடக்கும்போது அப்பா கேட்டார்: "அவவுக்கும் நீதான் எழுதினனியோ?"

"ஓம் அப்பா."

"உனக்கு எது சரியெண்டு பட்டது?"

"அவன் வெண்டிருக்க மாட்டான்."

"எனக்கு எழுதேக்கையும் அது தெரியுமோ?"

"ஓம்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நான் நம்பித்தான் பேசினனான், பிள்ளை."

தமிழில் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "பார்தோன், பாப்பா" என்று பிரெஞ்சில் சொன்னேன், கடையில் யாரையோ இடித்துவிட்டவள் போல.