மிஸ் வீபெரியின் கை

அறுத்த மாட்டின் மண்ணீரல் நரம்பைச் சூடு ஆறுமுன் பனிக்கட்டியில் இட்டுக் கொண்டுவர, அன்றைய ஸ்டாக்ஹோமில் சிக்னே வீபெரியை விட்டால் ஆளில்லை. பத்தொன்பது வருஷமாக அதுதான் வேலை. கல்யாணம், குழந்தை எல்லாம் யார் யாருக்கோ நடந்தது. அவளுக்கு ஆய்வுக்கூட மேசைதான் வாழ்க்கை.

நரம்பு, ரத்தக்குழாயை இறுக்கும் நாரட்ரினலின் என்ற சரக்கைக் கண்ணுக்குத் தெரியாத குருணைகளில் அடைத்து வைத்திருக்கும். பயமோ குளிரோ வந்தால் திறந்து கொட்டும். அந்தக் குருணைகளைச் சிதையாமல் பிரித்தெடுப்பாள் சிக்னே. கொஞ்சம் வெதுவெதுப்பு பட்டாலே சரக்கு ஒழுகிவிடும் என்பதால், கண்ணாடிக் குழாயை விளிம்பில் இரண்டு விரலால்தான் தூக்க வேண்டும்.

பனிக்கட்டி அவளைச் சும்மா விடவில்லை. விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்து மரத்துப்போயின. அவள் குழாயில் அளந்த அதே சரக்குதான் அவள் விரல்களில் மிதமிஞ்சிக் கொட்டி ரத்தக்குழாய்களை இறுக்கியது. வெளியே சொன்னால் மேசை போய்விடும். ஒன்பதரை மணிக் காபிக்கு எல்லோரும் உட்கார்ந்தாக வேண்டிய ஊர் அது. அங்கே கோப்பையை இறுகப் பற்றி விரல்களைச் சூடாக்கிக்கொள்வாள். பிறகு, விரல்நுனியை நம்பாமல், குழாயை முழுக் கையாலும் பிடித்துப்போவாள்.

அவள் அளவுகளை வைத்து ஆய்வுப் பட்டத்துக்கு எழுதிவந்த மருத்துவர், டாக்டர் ஹெடின், கண்டுபிடித்தார்: குருணைகள் பனிக்கட்டியில் இருக்கும்போதே தாமாக ஒழுகுகின்றனவாம். இரண்டு வருஷ உழைப்பு ஆய்வேடாக அச்சேறியது. வழக்கப்படி அதை ஊரறியச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அவர் ஆணியடிக்க, சிக்னே ஏட்டை முழுக் கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ் வீபெரி என்ன, பச்சப்புள்ளயத் தூக்கற மாதிரி புடிச்சிருக்காங்க?" என்று அவளைப் பார்த்தே அவர் சிரித்தார்.

குழாயையும் இப்படித்தானே பிடித்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒழுகியது குருணையின் குணத்தால் அல்ல, அவள் கைச்சூட்டால்.

இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் அவர் அறைக்கதவைத் தட்டினாள். அங்கே யாரும் யாரையும் 'நீங்கள்' என்பதில்லை, பட்டம் சொல்லித்தான் பேச்சு.

"டாக்டர் என்னை மன்னிக்கணும். குழாயை நான்தான் சூடாக்கிட்டேன். என் விரலு செத்துப்போச்சு."

ஹெடின் அன்று சாயங்காலம் தானே குழாயை விளிம்பில் பிடித்து வேலையை முடித்தார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அச்சிட்ட ஏடோ சுவரில் தொங்குகிறது.

"மிஸ் வீபெரி எங்கயும் போகவேணாம்," என்றார் கடைசியில். "மேசை அவங்களுக்குத்தான். எப்பவும் புடிக்கிற மாதிரியே புடிக்கட்டும்."

ஹெடினுக்கு ஆய்வுப் பட்டம் கிடைத்தது. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள், தங்களுக்கு அப்படி ஒழுகவே இல்லை என்று கடிதம் எழுதின. ஒன்பதரை மணிக் காபியில் ஹெடின் அதைப் படித்துக்காட்டினார்.

"பின்ன எப்படி ஒழுகும்? மிஸ் வீபெரியோட கை அவங்ககிட்ட இல்லையே!"

காபி மேசையே சிரித்தது. அவளையும் சிரிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிக்னேயும் சிரித்தாள்.