முதல் பாகத்தை முடித்துவிட்டு வா

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிகளில் இறங்கி ஏறியவர். வீட்டுக்கு வந்து கிரீஸ் போகக் கைகழுவியதும் கம்ப்யூட்டரில் ஒரு பேய் விளையாட்டைத் திறப்பார். ஆளில்லாத பழைய விடுதி ஒன்றில் தங்கையைத் தேடி அலைபவளாக நாம் மாறிவிட வேண்டும். போகப் போக அவளுக்குத் தைரியமும் திறமையும் கூடும்.

"நாள் பூரா இருட்டுல நின்னது போதாதா?" என்பேன்.

"அங்க பயந்தா வேலை போயிடும் டீச்சர். அதான் சேத்து வச்சு இங்க வந்து பயப்படறேன்."

நான் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவள். கல்யாணமான வாரத்திலிருந்து அவருக்கு நான் டீச்சர்தான்.

அந்த விளையாட்டுக்கு இரண்டு பாகங்கள். எதில் தொடங்குவது என்று கேட்டுப் பலர் அவரிடம் வருவார்கள். அவரோடு ஜோடியாக வேலை பார்த்த ஸ்பானர் அண்ணனும் கேட்டார்.

"ரெண்டாவதுல படம் பளிச்சுனு இருக்குதாமே மாப்ள. நேரா அதுக்குப் போயிடவா?"

"போ. ஆறாவது மாடியிலயே பொறந்தவன் மாதிரி, கீழ என்ன சத்தம்னு கேட்டுக்கிட்டே உக்காந்திரு."

கிண்டல் செய்தாலும் நியாயமாகவே சொல்வார். முதல் பாகத்தில் டார்ச்சுக்கு இரண்டே பேட்டரி. கடிகாரம் ஓடும் அறைகளில் மட்டும்தான் ஆட்டத்தைச் சேமிக்க முடியும். அடுத்த கடிகாரத்தை எட்டுமுன் செத்தால் பட்ட பாடெல்லாம் வீண். பேயைப் பார்ப்பதே நான்கு முறைதான், பயம் முழுக்க பார்க்காத இடத்தில். இரண்டாம் பாகத்தில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். வரைபடம் உண்டு, ஆயுதம் உண்டு. கை சீக்கிரம் பழகும், பயமும் சீக்கிரம் பழகிவிடும்.

"அலுத்து வர்றவன் ரெண்டாவதைத் தொடட்டும், தப்பில்ல. ஆனா அதுல படிக்கட்டுல ஒரு பொண்ணு அழுவா. முதல் பாகம் ஆடினவனுக்கு அவ யாருன்னு தெரியும். மத்தவனுக்கு அது வெறும் சத்தம்."

இரண்டாவதை இருவர் சேர்ந்தும் ஆடலாம். ஒருவர் நின்றுவிட்டால் மற்றவரால் அந்த அறையைத் தாண்ட முடியாது. கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் எனக்கென்று இன்னொன்று வாங்கி வைத்தார். "முதல் பாகத்தை முடிச்சுட்டு வாங்க டீச்சர். காத்திருக்கேன்."

ஒருமுறை முதல் கடிகாரம் வரை போய், பயந்து அடுப்படிக்கு ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு விடைத்தாள்கள். லீவு வரட்டும் என்றேன். மூன்று வருடம் கன்ட்ரோலர் உறை பிரியாமல் கிடந்தது.

லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் சிவப்பு அட்டை ஒன்றை மாட்டுவார்கள். 'ஆள் உள்ளே. தொடாதீர்.' மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் கை வைக்கக்கூடாது. ஒருநாள் வீடு பெருக்கும்போது நான் கம்ப்யூட்டர் சுவிட்சைத் தட்டிவிட, அவருடைய முக்கால் மணி நேர ஆட்டம் போனது. மறுநாளே பழைய அட்டை ஒன்று எங்கள் சுவிட்சில் தொங்கியது.

மூன்று நாள் நெஞ்சு வலியில் ஆஸ்பத்திரியில் கிடந்து அவர் போனபோதும் அது அங்கேயே தொங்கியது. நான்கு மாதம் அதைச் சுற்றியே பெருக்கினேன்.

அவருடைய கையுறையையும் டார்ச்சையும் கொடுக்க வந்த ஸ்பானர் அண்ணன் அட்டையைப் பார்த்தார்.

"இது ஏம்மா இன்னும்?"

"மாட்டினவர்தானே எடுக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கும் ஒரு முறை இருக்கு தங்கச்சி. மாட்டினவன் வர முடியாதப்போ, ரெண்டு பேர் சேந்து குழிக்குள்ள பாக்கணும். மூணு தடவை குரல் குடுக்கணும். பதில் இல்லைன்னு ரெண்டு பேருமே சொன்னாதான் எடுக்கலாம்."

குழிக்குள் குனிவதைப் போலவே இருண்ட திரையின் முன் குனிந்தார். "உள்ள ஆள் இருக்கா?" இரண்டு முறை கேட்டார். மூன்றாவதற்கு என் பக்கம் திரும்பினார். நான் கேட்டேன்.

"பதில் இல்ல," என்றார். நானும் சொன்னேன். அட்டையைக் கழற்றினோம்.

கோடை லீவு முழுவதும் முதல் பாகம் ஆடினேன். பேட்டரி தீர்ந்து தடவித் தடவி நடந்தேன். எத்தனை முறை செத்தேனோ. "மூணாவது மாடியில இடது பக்கம் போகாத தங்கச்சி, நான் போய்ப் பாத்துட்டேன்," என்று ஸ்பானர் அண்ணன் போனில் வழி சொன்னார். கடைசிக் கடிகாரத்தையும் தாண்டினேன். படிக்கட்டில் அழப்போகிறவள் யார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

புதிதாக ஆட வருகிறவர்கள் என்னைக் கேட்டால், அவர் சொன்னது எல்லாம் சரி என்பேன். ஒன்றில் மட்டும் மாறுபடுவேன். கூட ஆட ஆள் இருந்தால் இரண்டாவதிலேயே தொடங்குங்கள், இன்றைக்கே. அந்தப் பெண் யார் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லித் தருவார்.

இரண்டாம் பாகத்தைத் திறந்ததும் ஒருவரா, இருவரா என்று கேட்டது. இருவர் என்று அழுத்தினேன். விடுதி வாசலில் இரண்டு பேர் டார்ச்சோடு வந்து நின்றார்கள். நான் முதல் அறைக்குள் போனேன். அடுத்த கதவு திறக்கவில்லை. திரும்பி வந்து, வாசலில் அசையாமல் நிற்கும் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.