குழாய்க்குள் ஒரு சீட்டு

பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், தன் வீட்டு வாசலிலேயே சைக்கிள் பழுதுபார்ப்பவர் அவர். நெடுநெடுவென்ற உயரம், காக்கி அரைக்கால் சட்டை, காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சில்.

என் மலைச் சைக்கிளின் முன்பக்க சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் எண்ணெய் ஒழுகியது. அதைத் தயாரித்த கம்பெனியை மூடிப் பல வருடமாகிவிட்டதால், போன கடையிலெல்லாம் ஃபோர்க்கையே மாற்றச் சொன்னார்கள். இவரோ ஒரு பழைய மொபெட்டின் ஆயில் சீல் வளையத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் பொருத்திவிட்டார். பிறகு பென்சிலை எடுத்து ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சுருட்டி, ஃபோர்க்கின் மேல்குழாய்க்குள் செருகினார்.

“என்னண்ணா அது?”

“எந்த வண்டி சீல் போட்டேன்னு எழுதிக்கீறேன் சார். நாளைக்கு வேற எவனாவது பிரிச்சான்னா பேஜாராவக் கூடாதுல்ல.”

“நான் உங்ககிட்டதானே வருவேன்?”

“வா சார், யாரு வேணான்னது. அவனும் மெக்கானிக்தான?”

மூன்று மழைக்காலம் போய்விட்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. மொபெட்டின் பெயரை எழுத ஒரு வரி போதும். ஆனால் அன்று அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். என்ன எழுதினார் என்று பார்க்க ஆசைதான். அதற்கு ஃபோர்க்கைக் கழற்ற வேண்டும். கழற்ற ஒரு காரணமும் தரமாட்டேனென்கிறது அது.